வீரநாராயணபுரமும் சி-நேமும்

காட்டுமன்னார்கோயிலின் பழைய பெயர் வீரநாராயணபுரம். பக்கத்து வீராணம் ஏரிக்கும் முதலாம் பராந்தகனின் அதே பட்டப்பெயர்தான். எந்தப் பெயரில் கடிதம் போட்டாலும் ஊர்த் தபால்காரர் சமாளித்துவிடுவார். டிஎன்எஸ் அத்தனை நல்லவர் இல்லை.

1987-ல் வந்த ஆர்எஃப்சி 1034-ன்படி, ஒரு பெயருக்கு சி-நேம் போட்டுவிட்டால் அதே பெயரில் வேறெந்தப் பதிவும் கூடாது (டிஎன்எஸ்செக் சமாச்சாரங்கள் பின்னால் வந்த விதிவிலக்கு). டொமைனின் தலைப்பெயரிலோ எஸ்ஓஏ, என்எஸ் இருந்தே தீரவேண்டும். ஆகவே அங்கே சி-நேம் கிடையாது. முன்னால் டபிள்யூ மூன்று சேர்த்த பெயருக்குத் தாராளமாகப் போடலாம்.

எம்எக்ஸ் சுட்டும் பெயரும் மாற்றுப்பெயராக இருக்கக்கூடாது என்கிறது 1997-ன் ஆர்எஃப்சி 2181. மீறினால் சில சர்வர்கள் கண்டுகொள்ளாது, சில மெயிலைத் திருப்பிவிடும். திரும்பிய சேதி அனுப்பியவருக்குத்தான் போகும். டொமைன்காரர் மெயில் வரவில்லையே என்று உட்கார்ந்திருப்பார்.