மூணு சுத்து

சக்கரத்திலிருந்து நூலால் அறுத்தெடுத்த குடத்துக்கு அடிப்பாகம் கிடையாது. மண்பாண்டம் வனையும் காருகுறிச்சிக்குப் போகும்வரை இது எனக்குத் தெரியாது. வாயும் கழுத்தும் தோளும் அமைந்துவிடும்; கீழே திறந்து கிடக்கும். மண் சற்று இறுகியதும் குயவரான பெரியவர் அதை மடியில் கவிழ்த்தார். வாய்வழியே கையை விட்டு உள்ளே உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே பலகையால் தட்டினார். தட்டத் தட்ட மண் மெலிந்து பரவியது. ஓட்டை சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் காசு அகலம் இருந்தது, அடுத்த தட்டில் இல்லை.

அப்படி மூடிய குடம் ஒன்றில்தான் 11 ஆண்டுகளுக்கு முன் மூன்று ஓட்டை விழுந்தது. அப்பாவின் சிதையைச் சுற்றி வந்தேன். இடது தோளில் நீர்க்குடம். சுற்றுக்கு ஒரு கொத்து, அரிவாள் நுனியால். தண்ணீர் முதுகில் வழிந்தது. திரும்பிப் பார்க்காமல் பின்னால் போட்டுவிட்டு நடந்தேன். அந்தக் குடத்தை ஒருவர் உட்கார்ந்து செய்திருப்பார் என்று அன்று தோன்றவில்லை.

“செய்ய எத்தனை நாள் ஆகும்?” என்று பெரியவரிடம் கேட்டேன்.

“வனையது கொஞ்ச நேரந்தான். நிழல்ல ஒரு வாரம், பத்து நாள் காயணும். அவசரப்பட்டா சூளையில வெடிச்சிரும்.”

“சாவு வீட்டில் அத்தனை நாள் காத்திருக்க முடியாதே?”

“அதான் எப்பவும் நாலஞ்சு எடுத்து வச்சிருக்கது. யாருக்குன்னு மட்டும் கேக்கப்பிடாது, அண்ணாச்சி.”

பொங்கல் பானைகளுக்குப் பக்கத்தில் சுவரோரமாக அவை நின்றன. அவற்றுக்கு உரியவர்கள் அந்நேரம் எங்கோ காப்பி குடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். எனக்குப் பயம் வரவில்லை. அப்பா நடமாடிக்கொண்டிருந்த நாளிலேயே அவருக்காக ஒருவர் குளத்து மண்ணைக் கல் பொறுக்கி, மணல் சேர்த்து மிதித்திருக்கிறார் என்ற எண்ணத்தில் தொண்டை அடைத்தது.

காருகுறிச்சி இருக்கும் இதே தாமிரபரணிக் கரையில் கிழக்கே ஆதிச்சநல்லூர். 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டினார். 2004-இல் தொல்லியல் துறை மீண்டும் தோண்டத் தொடங்கியபோதும் இறந்தவர்களைப் புதைத்த 100-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. புறநானூற்று 256-ஆம் பாட்டில் கணவனை இழந்தவள், அவனுக்கு வனையும் தாழியைத் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய்யச் சொல்லிக் கெஞ்சுகிறாள். கெஞ்சுவது குயவரிடம். அந்த நேரத்தில் கேட்பதற்கு அவரைவிடச் சரியான ஆள் யார்?

தாழியின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். பெரியவர் வெகுநேரம் பார்த்தார். “இம்மாம் பெருசு காய ஒரு மாசமாவது ஆவுமே” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

மதியம் பைக்கில் இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவன் கண் சிவந்திருந்தது. விலை பேச்சே இல்லை. பெரியவர் ஒவ்வொரு குடமாக விரல் மடக்கித் தட்டி, காது கொடுத்துக் கேட்டார். இரண்டைத் தள்ளிவைத்தார். மூன்றாவதில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்து அடியைத் தடவிப் பார்த்தார்.

உடையப்போகிற குடம்தானே என்று வாய்வரை வந்தது. என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்கவேண்டும்.

“மூணு சுத்தும் தாங்கணும்லா” என்றார்.

தண்ணீரைக் கொட்டி, துண்டால் துடைத்துக் கொடுத்தார். பின்னால் உட்கார்ந்த பையன் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். போய்ட்டு வாங்க என்று யாரும் சொல்லவில்லை.