ஒன்பதரை மணி நேர வித்தியாசமும் ஓர் இலவசப் படகும்

ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தில் இறங்கியபோது அங்கே காலை எட்டரை. என் கைக்கடிகாரத்தில் மாலை ஆறு. 2024 செப்டம்பர் கடைசி வாரம். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் அப்போது ஒன்பதரை மணி நேர வித்தியாசம். துபாயிலிருந்து பதினான்கு மணி நேரம் உட்கார்ந்தே வந்ததில் கால் வீங்கி ஷூ இறுக்கியது. குடியேற்றச் சோதனை வரிசை ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தது.

முதல் நாளை எப்படிக் கடத்துவது என்று ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். போனதும் குளித்துவிட்டு நன்றாகத் தூங்கு என்றார் ஒருவர். இரவு வரை கண்ணையே மூடாதே என்றார் இன்னொருவர். ஒரு மாத்திரை போதும், எல்லாம் சரியாகிவிடும் என்றார் மூன்றாமவர். எது எடுபடுகிறது என்று பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

ஏர்டிரெயினில் ஜமைக்கா நிலையம் வரை அப்போது 8.50 டாலர், வெளியேறும் இடத்தில்தான் காசு வாங்குகிறார்கள். அங்கிருந்து ஈ ரயில், அப்போது 2.90 டாலர். இருபது நிமிடத்தில் ஜாக்சன் ஹைட்ஸ். படியேறி வெளியே வந்தால் தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் ஏழாம் எண் ரயில் தடதடக்கிறது. 74-ஆம் தெருவுக்குள் திரும்பியதும் கொத்தமல்லிக் கட்டு வாசனை, அதைத் தாண்டினால் சமோசா பொரிக்கும் எண்ணெய் வாசனை.

தங்கியது பெரியப்பா மகன் வீட்டில். கதவைத் திறந்ததுமே அண்ணி, "தம்பி, சோபா பக்கம் மட்டும் போயிடாதீங்க. உட்கார்ந்தா அவ்வளவுதான்" என்றார். சாதமும் மோர்க்குழம்பும் தயாராக இருந்தன. மதியம் ஒரு மணி. என் வயிற்றுக்கோ இரவு பத்தரை. கொஞ்சம் கொறித்தேன், சாப்பிட்ட கையோடு கண் செருகியது. அலாரம் வைத்து இருபது நிமிடம் படுத்தேன். எழுந்தபோது தலை தெளிந்திருந்தது. கண்ணையே மூடாதே என்ற கட்சி என்னளவில் அங்கேயே தோற்றது.

தெருமுனை மருந்துக்கடையில் தூக்கத்துக்கான மெலடோனின் மாத்திரைக்கென்றே சில வரிசைகள். 1, 3, 5, 10 மில்லிகிராம் என்று டப்பாக்கள். ஸ்ட்ராபெர்ரி சுவையில் மெல்லும் மிட்டாயாகவும் இருக்கிறது. இருட்டியதும் மூளையில் தானாகச் சுரப்பதைத்தான் இப்படி டப்பாவில் அடைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்குச் சீட்டு வேண்டாம், துணை உணவு என்ற பெயரில் விற்கிறார்கள். ஒன்றை எடுத்துப் பின்பக்கம் படித்துவிட்டு வைத்துவிட்டேன். பகல் மூன்று மணிக்கு எனக்குத் தேவை தூக்கம் அல்ல, வெயில்.

வெயில் காயப் படகு ஏறுவது என்று முடிவு செய்தேன். ஆர் ரயில் ஏறினால் மாறாமலே வைட்ஹால் தெரு போகலாம், முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுரங்கத்து இருட்டு, ஏசி, ஒரே சீரான ஆட்டம். தூங்கினால் புரூக்ளினில் பே ரிட்ஜ் வரை கொண்டுபோய் விட்டுவிடும் என்பதால் கம்பியைப் பிடித்து நின்றே வந்தேன். எதிர் இருக்கையில் ஒரு குடும்பம் மொத்தமும் வாய் பிளந்து தூங்கியது. பெட்டிக் கைப்பிடியில் விமானச் சீட்டு இன்னும் கிழிக்கப்படவில்லை.

வைட்ஹால் தெருவை ஒட்டியே ஸ்டேட்டன் தீவுப் படகுத்துறை. ஆரஞ்சு நிறப் படகு, 5.2 மைல், 25 நிமிடம், 1997 முதல் கட்டணமே இல்லை. கதவு திறந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் உள்ளே பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ஊருக்குப் புதியவர்கள் வலப்பக்கத் தளத்துக்கு ஓடுகிறார்கள். மாலை ஐந்து, சென்னையில் அதிகாலை இரண்டரை. சூரியன் நியூ ஜெர்சி பக்கம் சாய, சுதந்திர தேவி சிலை முதலில் கறுப்பாகத்தான் தெரிந்தது. அருகே வர வர மடிப்பு மடிப்பாய்ப் பச்சை. தண்ணீரில் பட்டுத் தெறித்த வெயிலில் கண் கூசியது. விமானம் ஏறியதிலிருந்து விடாத கொட்டாவி அந்தத் தளத்தில் நின்றுபோனது.

அதற்குப் படகுத் தளத்துக் காற்று மட்டும் காரணமில்லை. உடலின் கடிகாரத்தைத் திருப்புவதில் கண்ணில் விழும் ஒளிக்குத்தான் பெரிய பங்கு. பழ ஈக்களில் அந்தக் கடிகாரத்தின் மரபணுக்களை ஆராய்ந்து 2017-இல் நோபல் பெற்ற மூவரில் மைக்கேல் யங் இதே மன்ஹாட்டனில், ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். நம் உடல் வெப்பம் அதிகாலை நாலு மணி வாக்கில் மிகவும் இறங்கும். அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் படும் ஒளி கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும்; பிறகு படுவது முன்னுக்கு இழுக்கும். மேற்கே வந்தவனுக்கு வேண்டியது பின்னுக்குத் தள்ளல். சென்னை நாலு மணி என்றால் நியூயார்க்கில் மாலை ஆறரை. படகில் நின்ற நேரம் கச்சிதமாகப் பொருந்தியது. டோக்கியோ போகிறவர்களுக்குக் கணக்கு தலைகீழ்.

மறுகரையில், செயின்ட் ஜார்ஜ் துறையில் எல்லோரும் இறங்கி மறுபடி ஏறவேண்டும். அந்த நடையும் நல்லதுதான். வீடு வந்து ஒன்பது மணிக்குப் படுத்தேன். மூன்று மணிக்கு அகோரப் பசி எழுப்பியது, ஊரில் மதியச் சாப்பாட்டு வேளை அல்லவா! அண்ணி இதையும் எதிர்பார்த்து மோர்சாதம் மூடி வைத்திருந்தார். சாப்பிட்டு, போனைத் தொடாமல் படுத்ததில் ஐந்தரை வரை தூக்கம். உடல் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும், முழுதாகச் சரியாக ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். முதல் இரவுக்கு இது நல்ல வரவு.

நியூயார்க் போகிறவர்கள் முதல் நாள் மாலையை இந்தப் படகுக்கு ஒதுக்குங்கள். துறைக்கு வெளியே கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு டிக்கெட் விற்க வருகிறவர்கள் உண்டு. வாங்காதீர்கள், இதற்கு டிக்கெட்டே கிடையாது.