கட்டுக்கரையில் கொக்குகள்

நவம்பர் 29, 2025

டித்வா புயல் நேற்றுக் கரையேறியது. கரண்ட் இல்லை, போன் வேலை செய்யவில்லை. அருவி ஆறு பெருகி வயலும் வீதியும் ஒரே வெள்ளம் என்கிறார்கள்.

டிசம்பர் 5

காற்று மாறும்போதெல்லாம் செத்த மாடுகளின் வாடை. சோறு இறங்கவில்லை.

டிசம்பர் 13

வெயில் எறித்ததும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. விடியற்காலையிலேயே வங்காலைக்குப் போனேன். 2008இல் சரணாலயமாகி, 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம்; 4,839 ஹெக்டேர். வடக்கே சைபீரியப் பக்கமிருந்து வரும் ஊசிவால் வாத்துகள் களப்பு நிறையக் கிடந்தன. நெஞ்சு லேசானது. பூநாரை மட்டும் ஒன்றுகூட இல்லை. அலகைத் தலைகீழாகப் பிடித்துச் சேற்றுநீரை வடித்துத் தின்னும் பறவை அது. தண்ணீரோ இன்னும் ஆழமாக நிற்கிறது.

பிறகு முருங்கன் பக்கம், கட்டுக்கரைக் குளம். மாடு நடக்கக் கிளம்பும் வெட்டுக்கிளிக்காகக் குளம்பை ஒட்டியே திரியும் உண்ணிக்கொக்குகள், குளக்கட்டில் சும்மா நின்றன. பக்கத்தில் ஒரு ஐயா. மாட்டுப்பட்டி வைத்திருந்தவராம்.

“கொப்பியில என்ன எழுதிறியள், டீச்சர்?”

“எத்தினை கொக்கு எண்டு, ஐயா.”

“அப்ப என்ர மாடுகளையும் எழுதுங்கோ.”

சொல்லத் தொடங்கினார். சிவலை. மயிலை. கொம்பு முறிஞ்ச வெள்ளைச்சி. நிறைசினைக் கறுப்பி. கொக்குகளுக்குக் கீழேயே எழுதிக்கொண்டு போனேன். ஓரிடத்தில் நின்றார். “அதுக்குப் பேர் வைக்கேல்ல. கண்டு.”

டிசம்பர் 14

எங்கும் போகவில்லை.

டிசம்பர் 19

மன்னாரில் ஜிபிஎஸ் கருவி பொருத்திய கடற்காகம் ஆர்க்டிக் வரை பறந்த கதையை வகுப்பில் எத்தனை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அது எந்த இரவு எங்கே தங்கியது என்று வரைபடத்தில் காட்டலாம். கறுப்பி எந்த வாய்க்காலில் ஒதுங்கினாள் என்று ஐயாவுக்கே தெரியாது. ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

டிசம்பர் 28

பூநாரைகள் வந்துவிட்டன! காலை மாற்றி மாற்றி மிதித்துச் சேற்றைக் கலக்குகின்றன. நடுவில் இன்னும் நிறம் ஏறாத சாம்பல் இளம்பறவைகள். பசி மறந்து மத்தியானம் வரை நின்றேன்.

ஜனவரி 3, 2026

இந்த மாதம் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. அதற்கு முன் பழைய பக்கங்களைப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். கட்டுக்கரை, உண்ணிக்கொக்கு 46. அடுத்த வரி சிவலை. மிச்சத்தை நாளை பார்க்க வேண்டும்.