இந்த வண்டிக்கு எழுதிய மேப்

"அண்ணா, ரீமேப் பண்ணினா எத்தனை ஹெச்.பி. ஏறுமுங்க?" என்பதுதான் பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி. "எந்தப் பெட்ரோல் போடறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். சம்பந்தமில்லாத கேள்வியாக அவர்களுக்குத் தோன்றும். ஆனால் கடையில் கிடைக்கும் ரெடிமேட் மேப் போதுமா, இந்த ஒரு வண்டிக்கென்றே உட்கார்ந்து எழுத வேண்டுமா என்ற முடிவில் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது. மீதிப் பாதியை வண்டியை, திறன் அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.

நான் இந்தத் தொழிலைக் கோவையில் செய்கிறேன். கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா பந்தயக் கார்களைக் கட்டிய ஊர் இது. செட்டிபாளையத்தில் அவர் பெயரைத் தாங்கிய ஓடுதளம் இருக்கிறது. எங்களுக்கு முந்திய தலைமுறை மெக்கானிக்குகள் ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியாகத்தான் டியூன் செய்தார்கள். அவர்களுக்கு வேறு வழி கிடையாது. சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை மாற்றுவார்கள். முழு வேகத்தில் ஓட்டி, இன்ஜினை அணைத்து, சூட்டோடு பிளக்கைக் கழற்றி முனையின் நிறத்தைப் பார்ப்பார்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் அதிகம், இளம்பழுப்பு வந்தால் சரி. அப்படித் தேடிக் கண்டுபிடித்த ஜெட் பக்கத்து வண்டிக்குப் பொருந்தாது. அதே மாடலாக இருந்தாலும் பொருந்தாது.

ரெடிமேட் வந்தது, இன்ஜினை ஆள ஈசியூ என்ற ஒரு கணினி வந்த பிறகு. 1979-இல் பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக், பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்தது. எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்ற இரண்டையும் ஒரே பெட்டி முடிவு செய்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அந்தப் பெட்டிகளுக்குள், சாக்கெட்டில் குத்தி வைத்த 28 கால் ஈப்ராம் சிப் ஒன்று இருக்கும். அதிலேயே பரவலாகப் புழங்கிய ஒரு வகையின் கொள்ளளவு 32 கிலோபைட்தான். அந்த இன்ஜினின் மொத்தக் குணமும் அதற்குள் அட்டவணைகளாக, அதாவது மேப்பாக, எழுதப்பட்டிருந்தது. அந்தச் சிப்பைப் பிடுங்கிவிட்டு வேறு அட்டவணை எழுதிய சிப்பைக் குத்தினால் வண்டியின் சுபாவம் மாறியது. ஒருவர் எழுதியதை ஆயிரம் பேருக்கு நகலெடுத்து விற்கலாம் என்ற வழி அன்றுதான் திறந்தது. இன்று சிப்பைப் பிடுங்கும் வேலை இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் கேபிளைச் செருகினால், பல வண்டிகளில் மேப்பைப் படிக்கலாம், எழுதலாம்.

முதலில், மேப்பைத் தொடாமலே வண்டியை இழுக்க வைக்கும் டியூனிங் பாக்ஸ் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். நம் சாலைகளில் அதிகம் ஓடிய ஸ்விஃப்ட் டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின், 75 பி.எஸ்., 190 நியூட்டன் மீட்டர் டார்க். காமன் ரெயில் குழாயில் டீசலின் அழுத்தம் எவ்வளவு என்று ஒரு சென்சார் ஈசியூவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பாக்ஸ் அந்தச் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்து, உண்மையான அழுத்தத்தைக் குறைத்துச் சொல்கிறது. போதவில்லை என்று நம்பி ஈசியூ அழுத்தத்தை ஏற்றுகிறது. குறைந்த அழுத்தத்துக்குக் கணக்கிட்ட நேரம் இன்ஜெக்டர் திறந்திருக்க, கூடுதல் அழுத்தத்தில் டீசல் அதிகமாக உள்ளே போகிறது. வண்டி இழுக்கத்தான் செய்யும். ஆனால் டர்போவின் பூஸ்டையும் இன்ஜெக்ஷன் டைமிங்கையும் அந்த டீசலுக்கு ஏற்ப யாரும் திருத்தவில்லை. காற்று ஏறாமல் டீசல் மட்டும் ஏறினால் கரும்புகை வரும், எக்ஸாஸ்ட் சூடு கூடும், ஹை பிரஷர் பம்ப் ஓயாமல் திணறும். சென்சாரிடமிருந்து வரும் உண்மையை மறைத்து இன்ஜினை நடத்துவது எனக்கு ஒப்பாத வேலை. என் பட்டறையில் அதை மாட்டுவதில்லை.

ரெடிமேட் ஃபைல் அப்படிப்பட்டதல்ல. அதை மதிக்கத் தெரிய வேண்டும். நல்ல நிறுவனம் ஒன்று அதே இன்ஜினை மாதக்கணக்கில் டைனோவில் வைத்து, பல வண்டிகளில் ஓட்டிப் பார்த்து எழுதியிருக்கும். அந்த உழைப்பு ஒரு பகல் பொழுதில் வராது. ஆனால் அவர்கள் எழுதியது அவர்கள் ஊர்ப் பெட்ரோலுக்கு. ஜெர்மனியில் சாதாரணப் பெட்ரோலே 95 ஆக்டேன், அதற்கு மேல் 98. நம் ஊரில் வெகுகாலம் சாதாப் பெட்ரோல் 91. அப்போது 95 சில பங்க்குகளில், 100 மிகச் சில இடங்களில் கிடைத்தது. 98-க்கு எழுதிய ஸ்டேஜ் 1 ஃபைலை (பாகம் எதையும் மாற்றாத வண்டிக்கானது) ஏற்றிவிட்டு 91-ஐ ஊற்றினால் என்ன ஆகிறது?

சத்தமே வராது. அதுதான் ஆபத்து. தீப்பொறி பற்றவைத்த சுடர் வந்து சேரும் முன்பே சிலிண்டர் ஓரத்தில் மீதிக் கலவை தானாக வெடிப்பதை நாக்கிங் என்கிறோம். நாக் சென்சார் அதைக் கேட்ட மாத்திரத்தில் ஈசியூ தீப்பொறியின் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும். ஓட்டுகிறவர் காதுக்கு எதுவும் எட்டாது. ஆனால் ஓடும்போது சென்சார் அளவுகளைப் பதிந்த லாகைத் திறந்தால் மூன்றாவது சிலிண்டரில் நாலு டிகிரி, இரண்டாவதில் மூன்று டிகிரி என்று ஒவ்வொரு முழு ஆக்சிலரேட்டருக்கும் இழுத்துக்கொண்டிருக்கும். டைமிங் பின்வாங்கினால் எரிதல் தாமதமாகும், சூடு பிஸ்டனைத் தள்ளாமல் எக்ஸாஸ்ட் வழியாக டர்போ மேல் போய் விழும். வாக்களித்த குதிரைத்திறன் வந்திருக்காது, வெப்பம் மட்டும் வந்திருக்கும். பணம் கொடுத்தவர் "நல்லா இழுக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருப்பார்.

இப்போது எத்தனால் வேறு சேர்ந்திருக்கிறது. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் அதே காற்றுக்கு எட்டு, ஒன்பது சதவீதம் கூடுதலாக எரிபொருள் ஊற்ற வேண்டும். எக்ஸாஸ்டில் இருக்கும் லாம்ப்டா சென்சாரைப் பார்த்து ஈசியூ இதைத் திருத்திக்கொள்ளும், தனக்கு வகுத்த எல்லை வரை. ஏற்கெனவே அதிகம் கேட்கும் ஸ்டேஜ் 1 ஃபைலில், 5,500 ஆர்பிஎம்முக்கு மேல் ஹை பிரஷர் பம்ப் அந்தக் கூடுதலைத் தர முடியாமல் அழுத்தம் சரிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நாக்கிங்கைத் தாங்குவதில் எத்தனால் நல்ல எரிபொருள். தெரிந்து எழுதினால் லாபம். தெரியாமல் எழுதிய ஃபைலுக்கு அதனால் நன்மை இல்லை.

ஒரு வண்டிக்கென்று எழுதுவது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் ஃபோக்ஸ்வேகன் தொழிற்சாலையே செய்தது. 2016-இல் இந்தியாவுக்கு வந்த மூன்று கதவு போலோ ஜிடிஐ, 1.8 லிட்டர் டர்போ. வெளிநாட்டில் அதே கார் மேனுவல் கியரிலும் வந்தது, ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக்கிலும் வந்தது. இரண்டுக்கும் 192 பி.எஸ். ஆனால் மேனுவலுக்கு 320 நியூட்டன் மீட்டர், டிஎஸ்ஜிக்கு 250 மட்டும். அந்த டிஎஸ்ஜி டிக்யூ200 என்ற டிரை கிளட்ச் கியர்பாக்ஸ். அதன் வரம்பு 250. அதனால் பொறியாளர்கள் டார்க்கை 250-இல் நிறுத்தி, 5,300 ஆர்பிஎம் வரை சரியாமல் பிடித்து வைத்தார்கள். திறன் என்பது டார்க்கையும் ஆர்பிஎம்மையும் பெருக்கி வருவது. 250-ஐ 5,400 வரை கொண்டு போனாலும் 192, 320-ஐ 4,200-இல் தொட்டாலும் 192. ஒரே இன்ஜின், ஒரே குதிரைத்திறன், கியர்பாக்ஸைப் பார்த்து எழுதிய இரண்டு வேறு மேப்கள். டியூனிங்கில் இதைவிட அழகான பாடத்தை நான் பார்த்ததில்லை.

அதே டிக்யூ200 தான் நம் ஊரில் நிறைய விற்ற போலோ ஜிடி டிஎஸ்ஐயிலும் இருக்கிறது. 1.2 லிட்டர், 105 பி.எஸ்., 175 நியூட்டன் மீட்டர். ரெடிமேட் ஃபைல்கள் பலவற்றில் டார்க் 1,800, 2,000 ஆர்பிஎம்மிலேயே செங்குத்தாக ஏறும். காரணம் எளிது. டெஸ்ட் டிரைவ் எடுத்துப் பார்க்கிறவர் முதுகு சீட்டில் மோத வேண்டும். மோதினால் வியாபாரம் முடிந்தது. ஆனால் குறைந்த ஆர்பிஎம்மில், சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் தெளிக்கும் சிறிய டர்போ இன்ஜினுக்கு முழு பூஸ்ட் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் விபரீதம் அங்கேதான் வருகிறது. நாக் சென்சார் அதைக் கேட்பதற்குள் பிஸ்டன் உடைந்துவிடக்கூடும். கிளட்சுக்கும் அதே இடத்தில்தான் அடி. எனவே என் கையால் எழுதும்போது 2,500 வரை கம்பெனி மேப்பை ஒட்டியே போவேன், அதற்குப் பிறகு மெல்லத் தூக்கி, மேலே சரியாமல் பிடிப்பேன். முதல் நாள் ஓட்டும்போது வாடிக்கையாளருக்கு ஏமாற்றமாக இருக்கும். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு லாரியை மூன்றாவது கியரில் தாண்டும்போது அவருக்குப் புரியும்.

எழுதுவதற்கு முன்னால் அளவெடுப்பதில்தான் நேரம் போகிறது, போகவும் வேண்டும். கம்பெனி மேப்பிலேயே டைனோவில் ஓட்டி லாக் எடுப்பேன். கேட்ட பூஸ்ட் எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு, அதற்கு, பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டை எத்தனை சதவீதம் மூட வேண்டியிருந்தது, எந்தச் சிலிண்டர் டைமிங்கை விட்டுக்கொடுக்கிறது. பூஸ்ட் சரியாக வந்தும் வேஸ்ட்கேட் வழக்கத்தைவிட இறுக மூடியிருந்தால் எங்கோ ஒரு ஹோஸ் கசிகிறது. மேல் ஆர்பிஎம்மில் மிஸ்ஃபயர் எட்டிப்பார்த்தால் பிளக் தேய்ந்திருக்கிறது. இப்படி வந்த வண்டிகளில் பல, ஹோஸையும் பிளக்கையும் மாற்றியதும் இழந்த திறனைத் திரும்பப் பெற்று, ரீமேப்பே வேண்டாமென்று திரும்பிப் போயிருக்கின்றன. ரெடிமேட் ஃபைல் இந்தக் கசிவைப் பார்க்காது. கசிவை ஈடுகட்ட டர்போவை இன்னும் வேகமாகச் சுற்றச் சொல்லும்.

பிறகு சூடு. இந்த 1.2 இன்ஜினில் இன்டர்கூலர் தண்ணீரால் குளிரும் வகை, இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கிறது. முதல் ஓட்டத்தில் அருமையான கோடு வரும். இடைவெளி விடாமல் திரும்பத் திரும்ப ஓட்டினால் உள்ளே போகும் காற்றின் சூடு ஏறிக்கொண்டே போகும். கோவையின் ஏப்ரல் மதியத்தில், அவிநாசி ரோடு நெரிசலில் நின்று கிளம்பும் வண்டியின் நிலைமை அந்தக் கடைசி ஓட்டத்தில்தான் தெரியும். நான் மேப்பை முடிவு செய்வது அந்தக் கோட்டைப் பார்த்துத்தான். முதல் கோட்டை அச்செடுத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஊட்டியையும் மறக்கக் கூடாது. 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக் காற்றின் அழுத்தம் முக்கால் பாருக்குச் சற்று மேலேதான். மேனிஃபோல்டில் 1.9 பார் வேண்டும் என்று மேப் கேட்டால், கோவையில் டர்போ காற்றை ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தினால் போதும். ஊட்டியில் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. அந்தச் சிறிய டர்பைன் தாங்கக்கூடிய சுழற்சி வேகத்தைத் தாண்டிவிடாமல் இருக்க, உயரம் ஏற ஏற பூஸ்டைக் குறைக்கும் அட்டவணை ஒன்றைக் கம்பெனிக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். சில ஃபைல்களைத் திறந்து பார்த்தபோது அந்த அட்டவணை முழுவதும் ஒரே எண்ணால் நிரப்பப்பட்டிருந்தது. சமவெளியில் உட்கார்ந்து எழுதியவருக்கு அது இடைஞ்சலாகத் தெரிந்திருக்கும். மலையடிவாரத்தில் இருக்கும் எனக்கு, அதில் ஒரு எண்ணைத் தொடவும் கை தயங்கும்.

இவ்வளவு சொன்னதால் கஸ்டம் என்ற பெயர் இருந்தாலே மேல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லேப்டாப்பும் கேபிளும் மட்டும் வைத்துக்கொண்டு, லாக் எடுக்காமல், கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல், அரை மணி நேரத்தில் ஏற்றித் தரும் 'கஸ்டம்' மேப், வேறு யாரோ எழுதிய ஃபைலின் நகலாகத்தான் இருக்கும். நல்ல நிறுவனத்தின் ரெடிமேட் ஃபைல் அதைவிட நூறு பங்கு பாதுகாப்பு. எந்த மாற்றமும் செய்யாத வண்டி, நல்ல சர்வீஸில் இருக்கிறது, எப்போதும் 95 தான் போடுகிறீர்கள், தினமும் ஆபீசுக்குப் போகவும் எப்போதாவது நெடுஞ்சாலையில் ரசிக்கவும் வேண்டும் என்றால், 95-க்கென்று எழுதிய ரெடிமேட் ஃபைலை வாங்குங்கள், லாக் எடுத்து மட்டும் சரிபாருங்கள். வந்தவர்களிடம் இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன். டர்போவை மாற்றியிருந்தால், இன்ஜெக்டரை மாற்றியிருந்தால், டிராக்கில் ஓட்டுவதாக இருந்தால், ஃபைல் கேட்கும் ஆக்டேன் கிடைக்காத ஊரில் இருந்தால், அந்த வண்டிக்கென்று எழுதாத எதையும் ஏற்றாதீர்கள். வாரண்டியில் இருக்கும் வண்டியில் இரண்டுமே வேண்டாம். மாற்றிய மென்பொருளை சர்வீஸ் சென்டர் கணினி கண்டுபிடித்துவிடக்கூடும். பிஎஸ்6 டீசலின் புகை வடிகட்டியை எடுத்துவிட்டு மேப் எழுதச் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு என் பதில் முடியாது என்பதுதான்.

யாரிடம் போனாலும் மூன்று கேளுங்கள்: மேப் மாற்றுவதற்கு முன் எடுத்த லாக், மாற்றிய பின் சூடேறிய வண்டியில் எடுத்த லாக், உங்கள் ஈசியூவிலிருந்து படித்த ஒரிஜினல் ஃபைலின் நகல். இந்த மூன்றையும் கொடுக்காத இடத்தில் சாவியைக் கொடுக்காதீர்கள்.