காணாமல் போன 3.2 வோல்ட்

அறந்தாங்கியிலிருந்து கட்டுமாவடி போகும் சாலையோரம், வேப்பமர நிழலில் ஒரு தகரக் கொட்டகை. ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை. நான் அங்கே போயிருந்த வாரம்தான் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்திருந்தது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்து மீன் வண்டிகள் நாலைந்து வாசலில் நின்றன. உப்புக்காற்றில் இரண்டு மாதம் சும்மா நின்ற வண்டியில் ஒயரிங் கோளாறு வராவிட்டால்தான் அதிசயம்.

பட்டறைக்காரருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. டைனமோ, செல்ஃப் மோட்டார் சுற்றித் தொழில் பழகியவர். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி கட்டாயமானதிலிருந்து சின்னச் சரக்கு வண்டியிலும் எஞ்சினை ஆளும் ஈசிஎம் பெட்டி வந்துவிட்டது. சுருள் சுற்றிய கை இப்போது ஸ்கேனர் பிடிக்கிறது.

அன்று முதலில் வந்தது ஒரு டீசல் பிக்கப். மேடு ஏறும்போது இழுவை இல்லை, செக் லைட் அணைவதில்லை, சில நேரம் ஓட்டத்திலேயே நின்றுவிடுகிறது. வேறோர் இடத்தில் பார்த்துவிட்டு, ஈசிஎம் போய்விட்டது, புதுசு போட அரை லட்சத்துக்கு மேல் ஆகும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வண்டிக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. தடைக்காலம் முடிந்து முதல் லோடுகூட இன்னும் ஏற்றவில்லை.

எஞ்சினை ஓடவிட்டு ஸ்கேனரைச் செருகினார். பெட்டி தனக்கு வருவதாகச் சொன்ன வோல்ட்டேஜ் 10.9. பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தால் 14.1. ஒரே வண்டி, ஒரே நொடி, இரண்டு கணக்கு.

“பெட்டி பொய் சொல்லுதுன்னு முடிவு பண்ணித்தான் மாத்தச் சொல்லியிருக்காங்க, பாய். அது சொல்றது நெசமான்னு மொதல்ல பாப்போம்” என்றார்.

அடுத்த அரை மணி நேரத்தில் நான் கற்றது அதிகம். வோல்ட்டேஜ் என்பது ஓர் இடத்தில் தனியாக இருக்கும் பொருளல்ல. இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம். மீட்டரின் கறுப்புக் குச்சி பேட்டரி நெகட்டிவில் இருந்தால் ஒரு கணக்கு, பெட்டியின் எர்த் பின்னில் இருந்தால் வேறு கணக்கு. பெட்டிக்குத் தெரிந்த பூஜ்யம் அதன் சொந்த எர்த்துதான். அந்தப் பூஜ்யமே மேலே ஏறிக்கொண்டால், பாவம், அது என்ன செய்யும்?

எஞ்சினை அணைத்துவிட்டு உதவியாள் பையன் எர்த் ஒயரை மீட்டரில் சோதித்தான். பீப் என்று கத்தியது. “தொடர்ச்சி இருக்குண்ணே.” அவர் தலையாட்டினார். “ஒத்தக் கம்பி மிச்சமிருந்தாலும் கத்தும்டா. மீட்டர் அனுப்புற கரண்ட் கொசுறு. பாரம் கொடுத்துப் பாரு.”

பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் கட்டி வைத்திருக்கிறார். 55 வாட்ஸ், ஏறக்குறைய நாலரை ஆம்பியர் இழுக்கும். ஈசிஎம் கப்ளரைக் கழற்றி, வண்டிப் பக்கத்துச் சப்ளை பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வைத்தார். பளீரென்று எரிந்தது. பிறகு பேட்டரி பாசிட்டிவுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே. சோர்ந்துபோய் மஞ்சளாக எரிந்தது. பிரதான சப்ளை, எர்த் ஒயர்களில் மட்டும்தான் இந்த பல்பு. 5 வோல்ட்டில் ஓடும் சென்சார் ஒயரில் வைத்தால் நல்ல பெட்டியும் போய்விடும் என்று பையனிடம் இரண்டு முறை சொன்னார்.

கப்ளரை மாட்டி எஞ்சினை மறுபடி ஓடவிட்டார். கப்ளரின் முதுகுப்பக்கம், ஒயருக்கும் ரப்பருக்கும் இடையே மெல்லிய ஊசியை நழுவவிட்டு எர்த் பின்னைத் தொட்டார். சிவப்புக் குச்சி அங்கே, கறுப்பு பேட்டரி நெகட்டிவில். நல்ல வண்டியில் 0.1-க்குள் இருக்க வேண்டும். மீட்டர் காட்டியது 3.2. பதினாலு புள்ளி ஒன்றில் 3.2 போனால் 10.9. பெட்டி ஒரு புள்ளிகூடப் பொய் சொல்லவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஒயரைப் பிடித்துக்கொண்டே கீழே போனார். சேஸிஸில் எர்த் போல்ட் முறுக்கிய இடத்துக்கு நாலு விரல் மேலே இன்சுலேஷனில் ஓர் ஊசித்துளை. முன்பு யாரோ குத்திப் பார்த்து, அப்படியே விட்டிருக்கிறார்கள். கத்தியால் கீறினார். உள்ளே செம்பு இல்லை, பச்சைக் களிம்புதான். பொடியாக உதிர்ந்தது. அவசரத்தில் குத்துகிற அந்த ஒரு ஊசி எத்தனை நல்ல ஒயரைக் கொன்றிருக்கும்! கப்ளர் முதுகில் தொடுவதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

செம்பு பளபளக்கும் இடம்வரை வெட்டி, புது ஒயர் சேர்த்து, லக் அழுத்தி, ஈயம் பற்றவைத்தார். சேஸிஸில் பெயின்ட்டும் துருவும் போகச் சுரண்டி முறுக்கி, மேலே வாசலின் தடவினார். மீட்டரில் 0.04. ஸ்கேனரில் பெட்டி 14-ஐத் தாண்டிக் காட்டியது.

கூலியாகச் சில நூறு ரூபாய்தான் வாங்கினார். பெட்டியை மாற்றியிருந்தால் யாரோ ஆயிரக்கணக்கில் பார்த்திருப்பார்கள், கோளாறும் போயிருக்காது. கண்டுபிடிப்பதற்கென்று ஒரு கூலி கேட்கலாமே என்றேன். மாட்டின சாமானுக்குத்தான் காசு கேட்க முடிகிறது, பார்த்த பார்வைக்கு யார் தருவார்கள் என்றார். அது எனக்கு வலித்தது.

சாவியைத் திருகப் போன வண்டிக்காரரை நிறுத்தி, பின்பக்கம் கூட்டிப் போனார். மீன் பெட்டியின் ஐஸ் தண்ணீர் வடியும் குழாய் பாதியில் அறுந்து, சொட்டுச் சொட்டாக அந்த எர்த் போல்ட்டின் மேலேயே இறங்கிய தடம் வெள்ளையாகப் படிந்திருந்தது.

“இத விட்டீங்கன்னா அடுத்த வருசமும் இங்கதான் நிப்பீங்க, பாய்.”

பையன் அதற்குள் ரப்பர் குழாயை அளந்து வெட்டத் தொடங்கியிருந்தான்.