துருத்தி இல்லாத ஆர்மோனியம்

வள்ளி திருமண நாடகங்களுக்கு விடிய விடிய ஆர்மோனியம் வாசித்தவர் என் தந்தை. பக்கவாதத்துக்குப் பின் அவருடைய இடக்கை எழவில்லை. வலக்கை விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லைதான், ஆனால் துருத்தி போட ஒரு கை வேண்டுமே! நான் போட்டுப் பார்த்தேன். அவருடைய பாட்டுக்கு என் கை ஒத்துவரவில்லை. குரங்கணி வீட்டுத் திண்ணையில், காற்றில்லாத பெட்டியின் கட்டைகளை அவர் வெறுமனே அழுத்திக்கொண்டிருந்த மாலைகள் பல.

என்னிடம் லினக்ஸ் ஓடும் பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்ஸாவில் சீக்குவென்சர் என்றொரு நூலகம் உண்டு. அது ஒலியை உண்டாக்குவதில்லை. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்ற செய்தியை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கும். 1983-இல் வந்த மிடி முறையின் எண்கள் அவை. நம் ஒரு கட்டை அதில் 60, ஐந்து கட்டை 67. செய்தியை வாங்கி ஒலிப்பது ஃப்ளூயிட்சிந்த் என்ற வேறொரு நிரல். பொது மிடியின் 128 ஒலிகளில் சிதாருக்கும் ஷெனாய்க்கும் இடமிருக்கிறது, ஆர்மோனியத்துக்கு இல்லை. ரீட் ஆர்கனை எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் சத்தமே வரவில்லை. அனுப்பிய சுரங்களெல்லாம் இடைத்தேக்கத்தில் கிடந்தன. 'டிரெய்ன்' என்ற கட்டளையைக் கொடுத்தால்தான் அவை புறப்படும் (போடிக்கு 2023-இல் திரும்பி வந்த ரயில் அல்ல, தேங்கியதை வடித்து வெளியேற்றுவது).

மறுநாள் சத்தம் வந்தது, நிற்கவில்லை. மிடியில் சுரத்தைத் தொடங்குவது ஒரு செய்தி, நிறுத்துவது இன்னொரு செய்தி. முனையத்தில் ஓடும் நிரலுக்கோ விசை அழுத்தப்பட்டது மட்டுமே தெரியும், விரலை எடுத்தது தெரியாது.

தந்தை சிரித்தார். "கட்டை மாட்டிக்கிச்சு."

மலைச்சாரலில் மரம் ஊறிக் கட்டை எழும்பாமல் நின்றுவிடுவது அவருக்குப் பழக்கம். பாட்டு நிற்காமலே நகத்தால் கிளப்பிவிடுவார். என்னுடைய நகம் வேறு. முனையத்தை விட்டுவிட்டு, கருனல் தரும் உள்ளீட்டுச் சாதனக் கோப்பையே நேராகப் படித்தேன். அழுத்தினால் 1, எடுத்தால் 0, அழுத்தியபடியே இருந்தால் 2. அந்த இரண்டைப் புறக்கணிக்காவிட்டால் ஒரே சுரம் தந்தியடிக்கும்.

நடு வரிசை விசைகள் வெள்ளைக் கட்டைகள், மேல் வரிசை கறுப்பு. தந்தை கைவாகாக ஐந்து கட்டையில் ஸட்ஜம் பிடித்தார். மேல் ஸட்ஜம் வருமுன் வரிசை தீர்ந்துபோயிற்று. ஒன்றும் சொல்லாமல் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

நிரலில் 60-ஐ 67 ஆக்கினேன்.

"இப்ப முதல் விசையே அஞ்சு கட்டை, ஐயா. அங்கேருந்தே வாசிங்க."

"அப்ப இத்தனை வருசம் வெரலு பழகுனது?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. சற்று நேரம் விசைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு கட்டைக்காரனைப்போல் விரலை இடப்பக்கம் நகர்த்தி வைத்து, ஸ ரி க ம என்று முதல் பாடத்திலிருந்து தொடங்கினார்.