பேசாலைப் பன்னவேலை

திங்கள்
வெயில் ஏறமுன்னரே வடலிக் காணிக்குப் போய்விட்டோம். பனையோலையில் பன்னவேலை செய்யும் அக்கா கொக்கத்தடியால் குருத்தை இழுத்து வெட்டினார். "எல்லாத்தையும் வெட்டினா வடலி பட்டுப்போகும் பிள்ளை" என்று ஒரு வடலிக்கு ஒரு குருத்தோடு நிறுத்திக்கொண்டார். உயரப் பனைகளில் ஏற இப்போது ஆள் பிடிப்பதே பெரும்பாடு. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமென்று வடக்கெங்கும் பனைகளைத் தறித்தார்கள். நட்ட கொட்டை முளைத்துக் காய்க்கப் பத்து வருடத்துக்கு மேல் செல்லும். இருக்கிற வடலியை அக்கா இப்படிப் பார்ப்பது அதனால்தான்.

செவ்வாய்
விரித்துக் காயவிட்ட ஓலையைச் சோளகம் விடவில்லை. காற்றில் முறுகிய ஓலை மடிக்கும்போது வெடித்துவிடும். ஈரச்சீலையில் சுற்றிப் பதமாக்கிய பிறகே ஈர்க்கை நீக்கினோம். அதன்பின் வார்தல். சத்தகத்தின் நுனியால் தொடக்கத்தைக் கீறி, இடது பெருவிரல் நகத்தை அளவாக வைத்து இழுக்கிறார். ஒரே அகலத்தில் கீற்றுகள் பிரிந்து மடியில் விழுகின்றன. அளவுகோல் எதுவும் இல்லை. நான் வார்ந்தவற்றை அவர் பேசாமல் வேறாக எடுத்துவைத்தார். அவை பையின் உட்புறத்துக்காம். பின்னேரம் சாயத்தூளைக் கொதிநீரில் கரைத்து, கீற்றை முக்கி, நிழலில் போட்டோம்.

வியாழன்
இன்றுதான் இழைப்பு தொடங்கியது. அடியை விரித்து மூலை திருப்பும் இடம்தான் கடினம்; அங்கே தளர்ந்தால் பை கடைசிவரை கோணலாகவே நிற்கும். அக்காவின் தாயார் கடகமும் கொட்டைப்பெட்டியும் இழைத்தவர். இவர் இழைப்பது மடிக்கணினிப் பை, கைபேசி உறை. உள்ளே துணி தைத்து, சிப் வைக்க வேண்டும். 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையின் பயிற்சிகளும் 'கற்பகம்' கடைகளும் இந்தத் தொழிலுக்கு ஒரு சந்தையைக் காட்டின. 2017 செப்டெம்பரில் லஞ்ச் சீற்றுக்கும் சில பொலித்தீன் பைகளுக்கும் தடை வந்த பிறகு ஓலைப்பைக்கு இன்னும் நல்ல காலம் வந்திருக்க வேண்டும்.

வெள்ளி
கொழும்பிலிருந்து வந்த ஒருவர் பைக்கு விலை பேசினார். "ஒரு நாள் வேலைதானே?" என்றார். இழைத்த நாளை மட்டும்தான் அவர் கணக்கில் எடுத்தார். அக்கா கேட்டார்: "ஓலை தானா வந்து என்ர மடியில விழுந்ததோ தம்பி?"

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு பையில் பாதி உழைப்பு இழைக்கத் தொடங்கமுன்னரே முடிந்துவிடுகிறது. குருத்து வெட்டியது, காயவிட்டது, வார்ந்தது, சாயமிட்டது, இழைத்தது, தைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கூலி போட்டு இரவே ஒரு பற்றுச்சீட்டு எழுதிவிட்டோம். அடுத்து வருகிறவரிடம் அதைத்தான் நீட்டப்போகிறோம்.